மூடிக்கிடந்த பாடசாலையைத் திறக்குமுன்

வணக்கம் சேர். கொரோனாவால் மாதக்கணக்கில் மூடிக்கிடந்த உங்கள் வாகரைப் பாடசாலையைத் திறக்குமுன், இருக்கிற சொற்பப் பணத்தில் வளவு முழுக்கக் கிருமிகொல்லிக் குளோரின் மருந்து விசிறலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். வெளியிடங்களில் விசிறுவதைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே சொல்லிவிட்டது. மண்ணும் தூசியும் குளோரினைச் செயலிழக்கச் செய்துவிடும்.

அந்தக் காசைத் தண்ணீருக்குச் செலவழியுங்கள். தாங்கியில் தேங்கிய பழைய நீரை முழுவதும் இறக்கி, உள்ளே தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் ஒவ்வொரு பைப்பையும் திறந்து, புது நீர் வரும்வரை ஓடவிடுங்கள். கிணற்றுக்குக் குளோரின் போடுவதென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிடுங்கள். நீரின் அளவுக்கேற்பத்தான் போட வேண்டும், கண்மதிப்பு சரிவராது. கூரைப் பீலியையும் மலசலகூடத் தொட்டியையும் பாருங்கள், நுளம்பு அங்கேதான் பெருகும். மாரி மழை தொடங்கினால் டெங்குவும் சேர்ந்துவிடும்.

மேசை, கதவுப்பிடி துடைக்க 5 வீதக் குளோரின் திரவம் 1 பங்குக்கு 49 பங்கு தண்ணீர் போதும். மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு அதைக் கலக்கவே கூடாது, நச்சுவாயு வரும்.

மிச்சக் காசிருந்தால் துருப்பிடித்துத் திறக்காமல் கிடக்கும் யன்னல்களைத் திருத்துங்கள். வகுப்பறைக்குள் காற்றோட்டம்தான் பிள்ளைகளுக்குப் பெரிய பாதுகாப்பு.