சார்ட்டர் ஹைஸ்கூல் பத்தி கேளுங்க: மார்க், ரேங்க், யாரு படிக்கிறாங்க (கேள்வி பதில்)

அமெரிக்க சார்ட்டர் ஸ்கூல் பத்தி என்ன வேணாலும் கேளுங்க, ஸ்கூல் டேட்டா பாக்குறதுதான் எனக்கு சோறு போடுற வேலை. எந்த ஏரியால வீடு வாங்கலாம்னு மட்டும் கேக்காதீங்க.

டல்லாஸ்: சார்ட்டர்னா ப்ரைவேட் தானே சார், ஃபீஸ் எவ்ளோ வரும்?
ஃபீஸ் கிடையாது. காசு கவர்மென்ட்டோடது, நடத்துறது தனி போர்டு. 1991ல மின்னசோட்டாலதான் முதல்ல சட்டம் வந்துச்சு, அடுத்த வருஷமே செயின்ட் பால்ல முதல் ஸ்கூல் தொறந்துட்டாங்க. சீட்ட விட அப்ளிகேஷன் ஜாஸ்தி ஆனா குலுக்கல்தான், சிபாரிசு எல்லாம் எடுபடாது.

ஃபீனிக்ஸ்: பேஸிஸ்னு சார்ட்டர் ஸ்கூல் செயின் இருக்கே, அதுதான் நாட்டுலயே டாப்னு சொல்றாங்க, பொண்ண ஆறாங்கிளாஸ்ல சேக்கலாமா?
ஸ்கூலுக்கெல்லாம் ரேங்க் போடுற யுஎஸ் நியூஸோட 2018 லிஸ்ட்ல முதல் அஞ்சு எடமும் அரிசோனா பேஸிஸ்க்குத்தான், அது உண்மை. ஆனா அந்த ரேங்க்ல ஏபி எக்ஸாமுக்கு (ஹைஸ்கூல்லயே எழுதுற காலேஜ் லெவல் பரீட்சை) பெரிய வெயிட், பேஸிஸ்ல ஏபி எழுதாம கிராஜுவேட்டே ஆக முடியாது, அப்போ ரேங்க் வராம என்ன பண்ணும்? 2019ல ஃபார்முலாவ மாத்தினாங்க, இப்பவும் ஏபி, ஐபிக்கு (அதே மாதிரி இன்னொரு பரீட்சை) 40% இருக்கு.

அடுத்தது யாரு படிக்கிறாங்கன்னு பாருங்க. அரிசோனா பப்ளிக் ஸ்கூல் புள்ளைங்கள்ல கிட்டத்தட்ட பாதி லத்தீனோ, பேஸிஸ்ல பாத்தா ஏசியன், வெள்ளக்கார புள்ளைங்கதான் நெறைய. குலுக்கல் நேர்மையாத்தான் நடக்குது, ஆனா ஸ்கூல் பஸ் கிடையாது, கவர்மென்ட் இலவச லஞ்ச் ப்ரோக்ராம்லயும் இல்ல, ரெண்டு ஷிஃப்ட் வேல பாக்குற அம்மா எப்படி தெனம் காலைல கார்ல கொண்டு போய் விடும்? அந்தம்மா அப்ளிகேஷனே போடாது. வடிகட்டல் குலுக்கலுக்கு முன்னாடியே முடிஞ்சிருது.

பொண்ணுக்கு படிப்புல வெறி இருந்தா சேருங்க. ஆனா பாஸ் பர்சென்டேஜ் பாக்குறதுக்கு முன்னாடி ஆறுல எத்தன பேர், ஒம்பதுல எத்தன, பன்னெண்டுல எத்தன பேர் மிச்சம்னு பாருங்க, அரிசோனா கல்வித்துறை சைட்டுலயே ஒவ்வொரு வருஷத்துக்கும் எக்செல் கெடக்கு.

சான் டியாகோ: யூசிஎஸ்டி (சான் டியாகோ யுனிவர்சிட்டி) கேம்பஸ்ல இருக்குற ப்ரூஸ் (Preuss) சார்ட்டர் ஸ்கூல் சூப்பராமே, நானும் வொய்ஃபும் ரெண்டு பேருமே எம்எஸ், பையனுக்கு கெடைக்குமா?
கெடைக்காது. உங்க எம்எஸ்தான் தடை. 1999ல ஆரம்பிச்சதே ஏழைக் குடும்பத்துப் புள்ளைங்களுக்காக, அதுலயும் அப்பா அம்மா நாலு வருஷ டிகிரி முடிக்காம இருக்கணும்.

வர்ஜினியா: டிஜே (தாமஸ் ஜெஃபர்சன்) ஹைஸ்கூல் சார்ட்டர்ல எப்படி சேர்றது?
டிஜே சார்ட்டர் இல்ல.

நியூ ஜெர்சி: ஒரு ஸ்கூல்ல 100% ஏழைப் புள்ளைங்கன்னு போட்டிருக்கு, ஆனா வாசல்ல டெஸ்லாவா நிக்குது, எப்படிங்க?
நல்ல கேள்வி! குடும்ப வருமானம் வறுமைக்கோட்டுல 130% வரைக்கும் இருந்தா லஞ்ச் ஃப்ரீ, 185% வரைக்கும் கொறஞ்ச வெல. அந்த எண்ணிக்கையத்தான் எல்லாரும் வறுமைன்னு எடுத்துக்குறாங்க. ஆனா குறிப்பிட்ட அளவு புள்ளைங்களுக்கு ஃபுட் ஸ்டாம்ப் (சாப்பாட்டுக்கு கவர்மென்ட் குடுக்குற காசு) மாதிரி உதவி போனாலே ஸ்கூல் மொத்தத்துக்கும் ஃப்ரீ லஞ்ச் குடுக்க ஒரு ஸ்கீம் இருக்கு, முன்னாடி 40% வேணும், 2023ல 25% ஆக்கிட்டாங்க. அதுல சேந்த ஸ்கூல் சில லிஸ்ட்ல 100%னு வந்துரும். ரெண்டு ஸ்கூல கம்பேர் பண்றப்ப அதுல சேந்துருக்கான்னு மொதல்ல பாருங்க.

இர்வைன்: நியூயார்க்ல சக்ஸஸ் அகாடமின்ற சார்ட்டர் ஸ்கூல்கள்ல கறுப்பின, லத்தீனோ புள்ளைங்களே பணக்கார ஏரியாவ தோக்கடிக்குதுங்க, இதுக்கு என்ன சொல்றீங்க?
ஹூஸ்டன் அக்கா: அண்ணே, 2006ல ஒண்ணாங்கிளாஸ்ல 73 பேர், 2018ல முதல் பேட்ச் முடிச்சது 16 பேர். நம்மூர்ல ஒம்பதாங்கிளாஸ்ல டிசி குடுத்து அனுப்பிட்டு பத்தாவதுல 100%னு பேனர் கட்டுவாங்களே, அதே கததான்.
இர்வைன்: படிக்க முடியாம போனா ஸ்கூல் என்னம்மா பண்ணும்?
ஹூஸ்டன் அக்கா: போனாங்களா, அனுப்புனாங்களா?

ரெண்டு பேரும் நேத்து ராத்திரிலேர்ந்து நாப்பது கமென்ட் ஓட்டிருக்கீங்க, மத்தவங்க கேள்வி எல்லாம் கீழ போயிருச்சு. சொல்லிடறேன். ஏழைக் குடும்பம் வாடகைக்காக அடிக்கடி வீடு மாறும், அதனால டிஸ்ட்ரிக்ட் ஸ்கூல்லயும் (சார்ட்டர் இல்லாத சாதா கவர்மென்ட் ஸ்கூல்) புள்ளைங்க போய்ட்டேதான் இருக்கும். வித்தியாசம் என்னன்னா போனவங்க எடத்துக்கு யாரு வர்றான்றதுதான். டிஸ்ட்ரிக்ட் ஸ்கூல் பிப்ரவரில புதுசா வர்ற, இங்கிலீஷ் தெரியாத பையனையும் சேத்துக்கணும், வேற வழி கெடையாது. அந்த பேட்ச் படிச்ச காலத்துல சக்ஸஸ் நாலாங்கிளாஸுக்கு மேல புதுசா யாரையும் எடுக்கல.

அதுக்காக எல்லாமே ஏமாத்துன்னும் சொல்லாதீங்க அக்கா. பாஸ்டன்ல குலுக்கல்ல ஜெயிச்ச புள்ளைங்களையும் தோத்த புள்ளைங்களையும் எம்ஐடி ஆளுங்க ஒப்பிட்டுப் பாத்தாங்க, நடுவுல விட்டுட்டுப் போனவங்களையும் ஜெயிச்ச கணக்குலயே வெச்சுத்தான். அப்பவும் ஜெயிச்சவங்க மார்க் நல்லா ஏறியிருந்துச்சு. ஆனா அதே மாசசூசெட்ஸ்ல டவுனுக்கு வெளிய இருக்குற சார்ட்டர்ல அந்த ஏத்தம் இல்ல. வசதியான ஏரியால பக்கத்து டிஸ்ட்ரிக்ட் ஸ்கூலே நல்லா இருக்கும்போது சார்ட்டர் புதுசா என்னத்த கூட்டிரும்? இர்வைன் அண்ணே, உங்க ஏரியாவ நெனச்சுப் பாருங்க.

அட்லான்டா: ஆன்லைன் சார்ட்டர்?
வேணாம். ஸ்டான்ஃபோர்ட்ல க்ரெடோன்ற ஆராய்ச்சி மையத்தோட 2023 ரிப்போர்ட்ல மொத்தமா சார்ட்டர் புள்ளைங்க டிஸ்ட்ரிக்ட் ஸ்கூல் புள்ளைங்கள விட ரீடிங்ல 16 நாள் பாடம், கணக்குல 6 நாள் பாடம் முன்னாடி இருக்காங்க. ஆன்லைன் சார்ட்டர தனியா எடுத்தா கணக்குல 124 நாள் பின்னாடி.

சாண்ட்லர்: சார், பேஸிஸ் நல்லாருக்குமா?
டூசான்: பேஸிஸ் பத்தி சொல்லுங்களேன்
பியோரியா: டாப் ஸ்கூல் எது?
மேல படிங்கப்பா. ஒம்பதுல எத்தன, பன்னெண்டுல எத்தன.

மேரிலாண்ட்: டிஜேல...
சார்ட்டர். இல்ல.

சான் ஹோசே: மூத்தவனுக்கு குலுக்கல்ல சீட் கெடச்சுருச்சு, தங்கச்சிக்கு தானா கெடைக்குமாங்க?
தானா கெடைக்காதுங்க. பெரும்பாலான சார்ட்டர்ல கூடப்பொறந்தவங்களுக்கு முன்னுரிமை இருக்கு, ஆனா அவளுக்கும் டெட்லைனுக்குள்ள தனி ஃபார்ம் போடணும், சிப்லிங் டிக் போட மறந்துட்டு அப்புறம் ஆபீஸுக்கு மெயில் மேல மெயில் அனுப்புறவங்கள வருஷா வருஷம் பாக்குறேன்.