கடன் அவருடையது, வீடு உங்களுடையது: கிரய அக்ரிமெண்டில் கையெழுத்து வேண்டாம்

கேள்வி: ஈரோடு பக்கம் வசிக்கிறோம். கணவர் தனியார் மில்லில் சூப்பர்வைசர், சம்பளம் 38,000. 2021இல் கடனில் மாட்டி, என் நகையில் பாதியை விற்று எல்லாவற்றையும் அடைத்தோம். மாமனாருக்கு ஆபரேஷன், மகனுக்கு காலேஜ் ஃபீஸ் என்று மறுபடி அதே நிலைக்கு வந்துவிட்டோம். கணவர் பெயரில் இரண்டு கிரெடிட் கார்டில் 2,40,000, பர்சனல் லோன் பாக்கி 3,10,000. இது போக, 2021இல் கொடுத்த அதே பைனான்ஸ்காரரிடம் 22 மாதத்துக்கு முன் கணவர் 2,00,000 மூன்று வட்டிக்கு வாங்கினார். அதற்கு என் அக்கவுண்ட் செக் இரண்டைத் தொகையும் தேதியும் எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மாதம் 6,000 வட்டி ஒரு மாதமும் தவறவில்லை. முதல் 13 மாதம் ரொக்கம், பிறகு 9 மாதம் அவர் மனைவி நம்பருக்கு ஜிபே. இப்போது அவர், “6 லட்சமாகத் தருகிறேன், பேங்க் கடனையெல்லாம் முடியுங்கள், வீட்டுக்கு 11 மாத கிரய அக்ரிமெண்ட் மட்டும் போடுங்கள், சும்மா செக்யூரிட்டிக்குத்தான்” என்கிறார். வீடு என் அப்பா எனக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தது, 28 லட்சம் போகும். வெள்ளிக்கிழமை சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன். 2021 கடனுக்கு நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்ட புரோநோட்டை அவர் திருப்பித் தரவில்லை, கிழித்துவிட்டேன் என்றார். எங்களை இதில் இழுத்துவிட்ட கொழுந்தனார் இன்று எட்டிப் பார்ப்பதில்லை. கார்டு ஏஜெண்டுகள் கணவரின் ஆபீசுக்கே போன் செய்து கேவலப்படுத்துகிறார்கள். இவர்கள் மீது கேஸ் போடலாமா? மீதி நகையை மட்டும் விற்கச் சொல்லாதீர்கள்.

பதில்: கொழுந்தனார் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடவில்லை என்றால் அவர் மீது வழக்கு இல்லை. அந்தப் பேச்சை இங்கேயே விடுங்கள். ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது, மூன்றாம் நபரிடம் கடனைப் பற்றிப் பேசக் கூடாது. அழைப்பு விவரங்களோடு வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். முப்பது நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். போன் தொல்லை குறையலாம், கடனில் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

சட்டத்தின் கண்ணில் இந்தக் கடிதத்தில் இருப்பது ஒரே கேள்வி: உங்கள் கையெழுத்து எங்கெங்கே இருக்கிறது? கார்டிலும் பர்சனல் லோனிலும் நீங்கள் இணைக் கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போடவில்லை. கணவன் வாங்கிய கடன் என்பதற்காக மனைவியின் சொத்தை ஜப்தி செய்ய முடியாது. அப்பா உங்களுக்கு எழுதிய வீடு உங்களுடையது மட்டுமே. ஆக, தினமும் போனில் கத்தும் வங்கிகளால் உங்கள் வீட்டுக்கு ஆபத்தில்லை. குரலை உயர்த்தாமல் உதவி செய்வதாகச் சொல்லும் பைனான்ஸ்காரரிடம்தான் உங்கள் கையெழுத்து மூன்று தாள்களில் இருக்கிறது. நான்காவதை வெள்ளிக்கிழமை கேட்கிறார்.

முதலில் அந்த 6 லட்சத்தைக் கணக்குப் பாருங்கள். பழைய 2 லட்சத்தை அதில் கழித்துக்கொள்வார். மூன்று மாத முன்வட்டி பிடித்தால் 54,000. பத்திரச் செலவு, புரோக்கர் எல்லாம் போக உங்கள் கைக்கு 3,40,000 வந்தால் அதிகம். வங்கிக் கடன் 5,50,000. அதாவது வீட்டை எழுதிக் கொடுத்த பிறகும் 2 லட்சத்துக்கு மேல் பாக்கி நிற்கும். மாத வட்டி மட்டும் 6,000த்திலிருந்து 18,000 ஆகும், 38,000 சம்பளத்தில். 11 மாதத்தில் 1,98,000 வட்டி கட்டியிருப்பீர்கள், அசல் 6 லட்சம் அப்படியே இருக்கும்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்ப வந்து விழும் குழி. அக்ரிமெண்டில் “கடன்” என்ற சொல் ஓர் இடத்திலும் இருக்காது. கிரயத் தொகை 8 லட்சம், அட்வான்ஸ் 6 லட்சம் பெற்றுக்கொண்டேன், மீதி 2 லட்சம் 11 மாதத்துக்குள் பெற்றுக்கொண்டு கிரயம் செய்து தருகிறேன் என்று இருக்கும். பதிவானதும் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அதன்பின் எந்த வங்கியும் அந்த வீட்டின் பேரில் கடன் தராது, வெளியாள் வாங்கவும் வரமாட்டார். கெடு முடிந்ததும் “மீதி 2 லட்சத்தோடு தயாராக இருக்கிறேன், கிரயம் செய்து கொடுங்கள்” என்று வக்கீல் நோட்டீஸ் வரும். அடுத்து, ஒப்பந்தப்படி கிரயம் செய்துதரக் கேட்டு சிவில் வழக்கு. முன்பெல்லாம் விலை மிகக் குறைவு, விற்பவருக்குப் பெரும் கஷ்டம் என்று பார்த்து, கிரயத்துக்கு உத்தரவிடாமல் அட்வான்ஸை மட்டும் திருப்பிக் கொடுக்கச் சொல்ல நீதிமன்றத்துக்கு இடமிருந்தது. குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தில் 2018இல் வந்த திருத்தம் அந்த இடத்தைப் பெரிதும் சுருக்கிவிட்டது.

“கடனுக்குத்தான் எழுதிக் கொடுத்தேன்” என்று நீங்கள் வாதாடலாம். ஒப்பந்தமே பெயரளவுக்கானது என்று காட்ட வாய்மொழிச் சாட்சியம் கொண்டுவர சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் பதிவான பத்திரத்தில் “அட்வான்ஸ் பெற்றுக்கொண்டேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு, அப்படியில்லை என்று நிரூபிக்கும் சுமை முழுதும் உங்கள் தலையில். 28 லட்ச வீட்டை 8 லட்சத்துக்கு எழுதியிருப்பதும், மாதாமாதம் 18,000 போயிருப்பதும் உங்களுக்கு உதவும். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அந்த இரண்டாவதும் கிடையாது. இதைவிட மோசம், சம்மனை வாங்காமல் விடுவது. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு (நீங்கள் வராததால் தரும் ஒருதலைத் தீர்ப்பு) ஆகிவிட்டால் உங்கள் கையெழுத்தே இல்லாமல் நீதிமன்றமே அவருக்குக் கிரயம் செய்து கொடுத்துவிடும்.

வட்டியோடு எல்லாவற்றையும் கட்டி முடித்தாலும் ஒன்று பாக்கி இருக்கும். அக்ரிமெண்டை ரத்து செய்ய அவரே சார்பதிவாளர் முன் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துக்குத் தனியாக 50,000, ஒரு லட்சம் என்று கேட்பவர்கள் உண்டு.

எனவே வெள்ளிக்கிழமை போகாதீர்கள். டோக்கன் போட்டிருப்பது உங்களை எந்த வகையிலும் கட்டுப்படுத்தாது. அதற்குப் பதிலாகப் பவர் பத்திரம் கேட்டாலும் அதே பதில்தான்.

இப்போது ஏற்கெனவே கொடுத்திருப்பதற்கு வருவோம். நீங்கள் அக்ரிமெண்டுக்கு மறுத்த மறுநாளே அந்த இரண்டு செக் வெளியே வரலாம். பணம் வாங்கியது கணவர்தானே என்பது பதிலாகாது. இன்னொருவர் கடனுக்குக் கொடுத்த செக்குக்கும் கையெழுத்துப் போட்டவர்தான் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவில் குற்றம் சாட்டப்பட்டவர். வெற்று செக்காகக் கொடுத்தேன் என்பதும் தனியே நிற்காது. மனமறிந்து கையெழுத்திட்டுக் கொடுத்த செக்கை மற்றவர் பூர்த்தி செய்திருந்தாலும் அது கடனுக்காகத் தரப்பட்டது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. தேதியிலிருந்து 3 மாதம்தான் செக் செல்லும் என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. உங்கள் செக்கில் தேதியே இல்லை. அவர் எழுதும் நாள்தான் தேதி. ஸ்டாப் பேமெண்ட் கொடுப்பதும் அக்கவுண்டை மூடுவதும் மட்டுமே உங்களைக் காப்பாற்றாது, இரண்டுக்கும் 138 போடலாம்.

5 லட்சம் என்று நிரப்பினால் என்ன ஆகும்? வழக்கு முடியும் முன்பே செக் தொகையில் 20 விழுக்காடு வரை, அதாவது ஒரு லட்சம் வரை இடைக்கால இழப்பீடாகக் கட்டச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையில் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். அவர் அதே செக்கை, அல்லது 2021 புரோநோட்டை வைத்து சிவில் டிக்ரி (நீதிமன்றத் தீர்ப்பாணை) வாங்கினால் அது உங்கள் மீதான டிக்ரி. அப்போது வீடு ஜப்திக்கு வரும். வங்கிகளை விட்டு இவருடைய கணக்கை முதலில் முடிக்கச் சொல்வது இதனால்தான்.

உங்கள் தற்காப்பு, கட்டிய பணத்துக்கான ஆதாரம். செக் கொடுத்த பிறகு ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டியிருந்து, அதைக் குறிக்காமல் முழுத் தொகைக்கும் செக்கைப் போட்டால் 138 நிற்காது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அவர் “அது வட்டி” என்பார். தமிழ்நாட்டில் ஈடில்லாத கடனுக்கு அனுமதித்த வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காடு. நீங்கள் கட்டியது 36. மாதம் 2,000 வீதம் 22 மாதத்துக்கு 44,000தான் வட்டி. கட்டியது 1,32,000. மீதி 88,000 அசலில் கழிய வேண்டும், பாக்கி 1,12,000 என்பது உங்கள் வாதம். ஆனால் ஆதாரம் இருப்பது 9 மாத ஜிபே 54,000க்கு மட்டும். அந்தக் கணக்கில் பாக்கி 1,90,000. நடுவில் இருக்கும் 78,000 ரசீது வாங்காத 13 மாதத்தின் விலை.

அதனால் இன்றிலிருந்து ரொக்கமாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஜிபேயில் குறிப்பு எழுதும் இடத்தில் “2 லட்சம் கடன் அசலுக்கு” என்று எழுதி அனுப்புங்கள். பழைய மாதங்களுக்கு அவர் “வந்தது” என்று போட்ட வாட்ஸ்அப் பதிலோ குரல் பதிவோ இருந்தால் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் அந்தக் கருவியைக் குறிப்பிட்டுத்தான் தர வேண்டும். செக் புத்தகத்தின் அடிக்கட்டையைத் தேடி எடுங்கள். அந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள தாள்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு முன்பே வங்கியில் பாஸாகியிருந்தால், இந்தச் செக் அப்போதே கொடுத்தது என்று காட்ட அந்த ஸ்டேட்மெண்ட் போதும். இவற்றை வைத்து, செக் வங்கிக்குப் போவதற்கு முன்பே வக்கீல் மூலம் அவருக்கு ஒரு நோட்டீஸ் போக வேண்டும்: வாங்கிய தொகை, செக் எண்கள், கட்டிய தொகை, திரும்பாத புரோநோட்டு. நீங்களாக எழுதாதீர்கள். கடனைக் கட்டுகிறேன் என்று எழுதித் தரும் ஒரு தவறான வரி, காலாவதியான பழைய கணக்கையும் உயிர்ப்பித்துவிடும். புரோநோட்டின் பின்பக்கம் “வரவு” எழுதி உங்கள் கையெழுத்தைக் கேட்டால் அதுவும் இதுதான். கெடு முடியும் முன் போட்டால், மூன்று ஆண்டு காலாவதிக் கணக்கு அந்த நாளிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும்.

அவரிடமிருந்து நோட்டீஸ் வந்தால் வாங்குங்கள். கதவைப் பூட்டிக்கொண்டால் தபால் திரும்பும், சட்டப்படி உங்களிடம் சேர்ந்ததாகவே கணக்கு. கையில் கிடைத்த நாளிலிருந்து பணம் கட்ட 15 நாள் அவகாசம். அதற்குள் பதில் போக வேண்டும். பதில் போடாமல் விட்டுவிட்டு, விசாரணையில் முதல் முறையாக “வட்டிக்காகக் கொடுத்தேன்” என்று சொல்பவரின் பேச்சை நீதிமன்றம் எளிதில் நம்புவதில்லை.

கந்துவட்டித் தடைச் சட்டம், 2003இன்படி போலீசில் புகார் கொடுக்கலாமா என்றும் கேட்பீர்கள். கொடுக்கலாம், மூன்று ஆண்டு வரை தண்டனை உண்டு. அந்தப் புகாரால் மட்டும் செக் வழக்கு நிற்காது என்பதைத் தெரிந்துகொண்டு கொடுங்கள். அதே சட்டம் கடனாளியே பாக்கியை நியாய வட்டியோடு நீதிமன்றத்தில் கட்டிக் கடன் தீர்ந்ததாகப் பதியச் சொல்லவும் வழி வைத்திருக்கிறது. பேரம் பேசும்போது உங்கள் கையில் இருக்கும் பலம் அதுதான்.

பேரம் பேசித்தான் முடிக்க வேண்டும். 1,12,000த்துக்கும் 1,90,000த்துக்கும் இடையில் எங்கே முடிந்தாலும் முடியுங்கள். மூன்று நான்கு ஆண்டு வழக்கு நடத்தி அந்த வித்தியாசத்தை மிச்சப்படுத்துவது உங்கள் குடும்பத்தால் ஆகாது. பணத்துக்கு, தாலி தவிர மீதி நகையை விற்கத்தான் வேண்டும். வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள், தெரியும். அடகும் வைக்காதீர்கள், அது இன்னொரு மாதத் தவணை.

முடிக்கும் முறையில்தான் 2021இல் தவறினீர்கள். பணம் ரொக்கமாக வேண்டாம். அவர் கணக்குள்ள வங்கிக் கிளையில் உட்காருங்கள். இரண்டு செக்கும் பழைய புரோநோட்டும் மேசைக்கு வந்து, எண்களை நீங்கள் சரிபார்த்த பிறகு பணத்தை மாற்றுங்கள். “2021 கடன், இந்தக் கடன் இரண்டும் தீர்ந்தன, வேறு எந்தச் செக்கோ பத்திரமோ என்னிடம் இல்லை” என்று அவர் கையெழுத்தில், இரண்டு சாட்சியோடு எழுதி வாங்குங்கள். கிழித்துவிட்டேன் என்றவரிடம் அந்தப் புரோநோட்டைப் பற்றித் தேதி, தொகையோடு தனி வரி எழுத வையுங்கள். திரும்பி வந்தவற்றைக் கிழிக்காதீர்கள். குறுக்கே “ரத்து” என்று எழுதிப் பத்திரமாக வையுங்கள்.

வங்கிகளைப் பற்றிச் சுருக்கமாக. கணவரின் சம்பளக் கணக்கும் லோனும் ஒரே வங்கியில் இருந்தால், பாக்கிக்காகச் சம்பளத்தை வங்கி எடுத்துக்கொள்ளும். சம்பளத்தைக் கடனில்லாத வேறு வங்கிக்கு மாற்றுங்கள். ஆனால் இஎம்ஐ பிடிக்கக் கொடுத்த அனுமதி பணமில்லாமல் திரும்பினால் அதற்கும் 138 போலவே தனிச் சட்டப் பிரிவு உண்டு. எனவே மாற்றும் முன் வங்கியிடம் தவணையைக் குறைத்து நீட்டிக்க எழுத்தில் கேளுங்கள். மிஞ்சிப்போய் டிக்ரி வாங்கினாலும் 38,000 சம்பளத்தில் மாதம் ஏறத்தாழ 12,300க்கு மேல் ஜப்தி செய்ய முடியாது, அதுவும் ஒரு டிக்ரிக்கு மொத்தம் 24 மாதம்தான். இந்த எண்ணை மனதில் வைத்துப் பேசுங்கள். கார்டுக்கு செட்டில்மெண்ட் (ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து கணக்கை முடிப்பது) பேசினால் வங்கியின் கடிதம் கைக்கு வந்த பிறகே பணம், அதுவும் கார்டு கணக்குக்கு மட்டும். ஏஜெண்டின் நம்பருக்கு அனுப்பிய பணம் வங்கிக் கணக்கில் ஏறாமல் போனதுண்டு. ஒரு தவணை தவறினாலும் தள்ளுபடி ரத்தாகி முழுப் பாக்கியும் திரும்ப வரும். லோக் அதாலத்திலும் அப்படித்தான். அங்கே போடும் கையெழுத்து தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. மாதம் 8,000தான் முடியும் என்றால் 12,000க்குத் தலையாட்டாதீர்கள்.

கணவர் மஞ்சள் நோட்டீஸ் (திவால் அறிவிப்பு) கொடுக்க நினைத்தால் தடுங்கள். அது உங்கள் பெயரிலுள்ள செக்கைத் தொடாது.

வக்கீல் பீஸுக்குப் பணமில்லை என்று வெள்ளிக்கிழமை வரை யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100க்கு அழையுங்கள், அல்லது செக் அடிக்கட்டை, ஜிபே பட்டியல், வங்கி ஸ்டேட்மெண்ட் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஈரோடு நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு வியாழக்கிழமைக்குள் போய்விடுங்கள்.