ரயிலடிக்குக் கைகொடுப்போம்: வாசகர் கேள்வி–பதில்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம், தினமும் ஏறி இறங்கும் புறநகர் ரயில் நிலையத்துக்கு ஏதாவது செய்ய விரும்புகிறது. ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டால், "மேலே எழுதிக் கொடுங்கள்" என்கிறார். தட்டிக்கழிக்கிறாரா?
— வாசகர், கொரட்டூர்

இல்லை, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஸ்டேஷன் மாஸ்டரின் பொறுப்பு வண்டிகளைப் பாதுகாப்பாக நடத்துவது. பிளாட்பாரத்தில் குழி தோண்டவோ சுவரில் வண்ணம் பூசவோ அனுமதி தரும் அதிகாரம் அவரிடம் இல்லை. சென்னைக் கோட்ட ரயில்வே மேலாளருக்கு, அதாவது டி.ஆர்.எம்.முக்கு, மனு எழுதுங்கள். முதுநிலை கோட்ட வணிக மேலாளருக்கும் ஸ்டேஷன் மாஸ்டருக்கும் நகல் போகட்டும். நேரில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பல மனுக்கள் தேங்குவதற்குக் காரணம் அவற்றின் வாசகம்தான். "நிலையத்தை அழகுபடுத்த விரும்புகிறோம்" என்று எழுதினால், அது எந்தப் பிரிவின் மேசைக்குப் போக வேண்டும் என்பதே தெரியாது. சுவரும் தரையும் பொறியியல் பிரிவைச் சேர்ந்தவை. விளக்கும் மின்கம்பியும் மின் பிரிவு. மண்ணுக்கடியில் ஓடும் கேபிள் சிக்னல் பிரிவு. முதல் மனுவில் ஒரே ஒரு வேலையைக் கேளுங்கள். எந்த இடம், எத்தனை அடி, எத்தனை பேர், எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ஓராண்டுக்கு யார் பராமரிப்பார்கள் என்பதை எழுதி, கையால் வரைந்த ஒரு படத்தையும் இணையுங்கள். யார் பராமரிப்பார்கள் என்ற விவரம்தான் அதிகாரிகளுக்கு நம்பிக்கை தரும்.

ஒரு காலை நேரத் துப்புரவுக்குப் பதிவு தேவையில்லை. ஒப்பந்தம், பணம் என்று வந்துவிட்டால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ்ப் பதிவு செய்துகொள்வது நல்லது. குறைந்தது 7 உறுப்பினர்கள் வேண்டும்.

கடந்த ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று அனுமதி பெற்றுப் பிளாட்பாரத்தின் பின்புறம் 40 கன்றுகள் நட்டோம். இப்போது எட்டுதான் மிச்சம். எங்கே தவறினோம்?
— வாசகி, பட்டாபிராம்

தேதியில்தான். ஜூன் தொடக்கத்தில் சென்னை வெயில் தணிந்திருக்காது. வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்பு, செப்டம்பர் கடைசியில் அல்லது அக்டோபர் தொடக்கத்தில் நட்டால், மூன்று மாத மழையில் வேர் பிடித்துவிடும். அடுத்த கோடையைத் தாங்கும்.

இரண்டாவது காரணம் மண். பிளாட்பாரத்தை ஒட்டிய தரை பெரும்பாலும் கட்டட இடிபாடும் ஜல்லியும் கொட்டி மேடாக்கியது. ஊற்றும் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து, அந்த மண்ணை ஒதுக்கிவிட்டு, இரண்டு பங்கு செம்மண்ணும் ஒரு பங்கு மக்கிய எருவும் கலந்து நிரப்புங்கள். தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் மேல்மண் மட்டுமே நனையும், வேரும் மேலேயே சுற்றும். வாரம் இரண்டு முறை, கன்றுக்கு 5 லிட்டர் என்று நிதானமாக ஊற்றினால் வேர் கீழே இறங்கும். அடியில் சருகைப் பரப்பாதீர்கள். அணையாத ஒரு பீடித்துண்டு போதும், பற்றிக்கொள்ளும். உடைத்த செங்கல்லைப் பரப்புங்கள்.

குழி எடுக்கும் முன் சிக்னல் பிரிவு ஊழியர் வந்து இடத்தைக் காட்டியாக வேண்டும். இது மிக முக்கியம். கடப்பாரை நுனி ஒரு கேபிளைக் கிழித்தால் சிக்னல் சிவப்புக்குப் போய்விடும், ஏனென்றால் பழுதானால் சிவப்பு என்பதுதான் அதன் வடிவமைப்பு. அலுவலக நேரத்தில் அது நடந்தால் பின்னால் வரும் வண்டிகள் வரிசையாக நிற்கும். கேபிள் பாதை தெரியாத இடத்தில் குழியே வேண்டாம், சிமென்ட் தொட்டி போதும்.

தொட்டிகளைப் பார்வையற்றோருக்கான புடைப்பு ஓடுகள் பதித்த மஞ்சள் பாதையிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். வளைவான பிளாட்பாரத்தில் உயரமான செடி வேண்டாம். கார்டு கடைசிப் பெட்டியிலிருந்து எல்லாக் கதவுகளையும் பார்த்த பிறகுதான் வண்டியைக் கிளப்பச் சைகை தருவார். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு அதில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

நித்தியகல்யாணி, இட்லிப்பூ, செம்பருத்தி, கற்றாழை நம் வெயிலுக்குத் தாங்கும். அரளியும் தாங்கும், ஆனால் இலை முதல் வேர் வரை விஷம். குழந்தைகள் நிற்கும் இடத்தில் வேண்டாம். வேம்பு, புங்கன் போன்ற மரங்கள் பிளாட்பாரத்தில் கூடவே கூடாது. மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது. தொட வேண்டியதில்லை, 2 மீட்டருக்குள் போனாலே ஆபத்து. அதனால் குழாயில் தண்ணீரை மேல்நோக்கிப் பீய்ச்சாதீர்கள், இரும்பு ஏணியையும் அலுமினியக் கம்பையும் எடுத்துப் போகாதீர்கள்.

நிலையத்துச் சுற்றுச்சுவரில் மாணவர்களை வைத்து ஓவியம் வரைந்தோம். டிசம்பருக்குள் உரிந்து போனது.
— வாசகர், குரோம்பேட்டை

சுவருக்குப் பின்னால் மண் மேடாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஓதம் ஏறும், உப்புப் பூக்கும், எந்த பெயின்ட்டும் நிற்காது. அப்படிப்பட்ட சுவரை விட்டுவிடுங்கள். காய்ந்த சுவரானால் பழைய போஸ்டர் பசையைத் தண்ணீர் விட்டு ஊறவைத்துச் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இரண்டு நாள் காயவிட்டு, பிறகு பிரைமர் அடியுங்கள். புதிதாகப் பூசிய சுவர் என்றால் 28 நாள் பொறுங்கள். 100 அடி நீளம், 6 அடி உயரச் சுவர் 600 சதுர அடி. ஒரு கை பிரைமருக்கு 6 முதல் 7 லிட்டரும், இரண்டு கை வெளிப்புற எமல்ஷனுக்கு 11 முதல் 12 லிட்டரும் ஆகும். கீழ் 2 அடிக்குக் கரும்பழுப்பு அடித்து, படத்தை அதற்கு மேலே தொடங்குங்கள். மழைத் தெறிப்பும் வெற்றிலை எச்சிலும் அங்கேதான் விழும். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல பருவம். பெயர்ப்பலகையையும் வழிகாட்டி அம்புக்குறிகளையும் தொடக் கூடாது.

ஒரு நிறுவனம் குடிநீர் இயந்திரம் நன்கொடை தரத் தயார். வாங்கிக்கொள்ளலாமா?
— வாசகர், பெருங்களத்தூர்

கம்பெனிகள் சட்டம், 2013-இன் 135-ஆவது பிரிவில் வரும் நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதனால் இயந்திரம் கிடைப்பது எளிது. அதை ஓட வைப்பதுதான் கடினம். நம் ஊர் உப்புத் தண்ணீரில் முன்வடிகட்டி சில மாதங்களிலேயே அடைத்துக்கொள்ளும், பிறகு உப்பைப் பிரிக்கும் மெல்லிய சவ்வான மெம்பிரேனும் கெடும். கழிவுநீர் போக வழியில்லாவிட்டால் பிளாட்பாரம் வழுக்கும். எனவே மூன்றாண்டுப் பராமரிப்பு, வடிகால், எர்த்திங், மின் கட்டணம் யாருடையது ஆகிய நான்கும் எழுத்தில் இருந்தால் மட்டும் சம்மதியுங்கள். இல்லாவிட்டால் கிரானைட் பெஞ்ச் கேளுங்கள். அதற்குப் பராமரிப்பே இல்லை.

இங்கிலாந்தில் ஊர்மக்களே ரயில் பாதைகளைக் காப்பாற்றுகிறார்களாமே? அது இங்கே நடக்குமா?
— வாசகி, மயிலாப்பூர்

அங்கே கிளைப் பாதைகள் ஆளில்லாமல் மூடப்படும் நிலை இருந்தது. 1991-இல் டெவன், கார்ன்வால் பகுதியில் உள்ளாட்சிகளும் ரயில்வேயும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. அது பரவி, 2004-இல் அரசே அதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. நாம் கவனிக்க வேண்டியது பூந்தொட்டிகளை அல்ல. அந்தக் கூட்டமைப்புகளில் சம்பளம் வாங்கும் அலுவலர் இருக்கிறார். தன்னார்வலர்கள் வீடு மாறினாலும் பரீட்சைக்குப் போனாலும் வேலை நிற்பதில்லை. இங்கே நாம் தோற்பது அந்த இடத்தில்தான். மூன்று நான்கு நலச் சங்கங்கள் சேர்ந்து ஒருவருக்குப் பகுதிநேர ஊதியம் தரலாம்.

அங்கே காலி வண்டியை நிரப்பப் பாடுபடுகிறார்கள். நமக்கு நிரம்பி வழியும் வண்டிதான் பிரச்சினை, அதற்கு வேறு வேலை தேவை. அடுத்த பதிலைப் பாருங்கள்.

மாலை வண்டிகளில் ஏறவே முடிவதில்லை. கூடுதல் வண்டி கேட்டு 200 கையெழுத்து அனுப்பினோம், பதில் இல்லை.
— பயணிகள் குழு, திருவள்ளூர்

கையெழுத்தை விடக் கணக்கு பேசும். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாள், பள்ளி விடுமுறையும் முகூர்த்தமும் இல்லாத வாரமாகப் பார்த்து, மாலை 5 முதல் 8 வரை எண்ணுங்கள். படிக்கட்டுக்கு ஒருவர், பிளாட்பாரத்தின் இரு முனைகளில் ஒவ்வொருவர் போதும். ஒவ்வொரு வண்டிக்கும் அட்டவணை நேரம், வந்த நேரம், பெட்டிகளின் எண்ணிக்கை, ஏற முடியாமல் நின்றவர்கள், மகளிர் பெட்டியின் நிலை ஆகியவற்றைக் குறியுங்கள். முகங்களைப் படம் எடுக்காதீர்கள்.

புதிய வண்டிக்கு ரேக் (பெட்டிகளின் தொடர்), ஓட்டுநர், பாதையில் இடைவெளி மூன்றும் வேண்டும். இருக்கும் வண்டியை 5 நிமிடம் நகர்த்துவதற்கு அவ்வளவு தேவைப்படாது. முதலில் அதைக் கேளுங்கள். கணக்கைக் கோட்ட ரயில் பயனாளர் ஆலோசனைக் குழு உறுப்பினர் ஒருவரிடம் கொடுத்துக் கூட்டத்தில் எழுப்பச் சொல்லுங்கள். மனு என்ன ஆனது என்று தெரியாவிட்டால், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

நிலைய வாசலில் குப்பையும் சாக்கடையும். ரயில்வே உதவி எண் 139-க்குச் சொன்னால், எங்கள் எல்லை இல்லை என்கிறார்கள்.
— வாசகர், வில்லிவாக்கம்

எல்லைச் சுவருக்கு உள்ளே என்றால் 139 அல்லது ரயில் மதாத் செயலி. வெளியே சாலை என்றால் சென்னை மாநகராட்சியின் புகார் எண் 1913. இடத்தில் நின்று, சுவரும் குப்பையும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து இரண்டு இடத்துக்கும் அனுப்புங்கள். பல்லாவரம், குரோம்பேட்டை வாசகர்கள் தாம்பரம் மாநகராட்சிக்கும், பட்டாபிராம் வாசகர்கள் ஆவடி மாநகராட்சிக்கும் எழுத வேண்டும்.

துப்புரவுக்கு மாணவர்களை அழைத்துப் போகிறோம். கவனிக்க வேண்டியது?
— ஆசிரியை, பெரம்பூர்

ஞாயிறு காலை 7 முதல் 9 வரை போதும். பத்துப் பேருக்கு ஒரு பெரியவர், கையுறை, இடுக்கி. தண்டவாளத்தில் விழுந்த குப்பையை யாரும் இறங்கி எடுக்கக் கூடாது. அது ரயில்வே ஊழியர் வேலை, அத்துமீறி இறங்குவது ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவின்படி குற்றமும்கூட. சிவப்புத் துணியோ சிவப்புக் கொடியோ எடுத்துப் போகாதீர்கள். தூரத்திலிருந்து அது அசைவதைப் பார்க்கும் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிடுவார்.