சனசமூக நிலையத்தில் ஒரு பின்னேரம்: பால்புதுமை இளையோரும் முதியோரும் குறித்த கேள்விகளுக்குப் பதில்கள்

வன்னியில் உளவளத்துணையாளராக நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற பின்னர், ஒரு சனசமூக நிலையத்தின் பின் அறையில் கிழமைக்கு ஒரு பின்னேரம் பால்புதுமையினருக்கான ஒன்றுகூடலை வேறு இருவருடன் சேர்ந்து நடத்திவருகிறேன். தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், இருபாலீர்ப்பு உள்ளவர்கள், திருநங்கைகள், திருநம்பிகள் ஆகிய அனைவரையும் சேர்த்தே இங்கு பால்புதுமையினர் என்று குறிப்பிடுகிறேன். அண்மையில் என்னிடம் வந்த கேள்விகளுள் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு மட்டும் பதில் எழுதியுள்ளேன். கேட்டவர்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: வெளிநாடுகளில் இதற்கென்றே பெரிய நிலையங்கள் இருக்கின்றனவாம். அங்கே உண்மையில் என்னதான் நடக்கிறது? எங்களுடைய ஊரில் அவற்றுள் எதைச் செய்ய முடியும்? (உயர்தரம் முடித்த ஓர் இளைஞர்)

பதில்: தம்பி, மூன்று இடங்களைச் சொல்கிறேன். ரொறன்ரோவின் சேர்ச் வீதியில், தன் வீட்டிலக்கத்தையே பெயராகக் கொண்ட 519 என்ற நிலையம் 1970களிலிருந்து இயங்குகிறது. அது அந்த நகரசபையோடு இணைந்த நிறுவனம். அகதிகளாகப் புதிதாக வந்தவர்களுக்கும், திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும், முதியவர்களுக்கும் அங்கே தனித்தனி நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. நியூ யோர்க்கில் 1978 இல் தொடங்கிய சேஜ் என்ற அமைப்பு முதியவர்களுக்கானது. வீட்டில் தனித்திருக்கும் ஒரு முதியவரைத் தொண்டர் ஒருவர் தவறாமல் சென்று பார்த்துக் கதைத்துவிட்டு வரும் ஏற்பாடு அதன் தொடக்க காலப் பணிகளுள் ஒன்று. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து நிலையம் 2019 இல் திறந்த வளாகத்தில், வீட்டிலிருந்து துரத்தப்பட்ட இளையோருக்கான படுக்கைகளும், வருமானம் குறைந்த முதியோருக்கான வீடுகளும் அருகருகே அமைந்துள்ளன. இரு தரப்பினருக்கும் சாப்பாடு சமைக்கும் சமையற்கூடம் ஒன்றும் அங்கே உண்டு. அதில் இளையோர் சமையல் தொழிலைக் கற்றுக்கொள்கிறார்கள்.

அந்தக் கட்டடங்களை நாங்கள் கட்டப் போவதில்லை. ஆனால் கட்டடத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால், தனித்திருப்பவரைப் போய்ப் பார்ப்பது, சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவது, துரத்தப்பட்ட பிள்ளைக்கு இரவு தங்க ஓர் இடம் கொடுப்பது ஆகியவைதானே மிஞ்சுகின்றன? இவற்றில் எதுவும் எங்களுக்குப் புதிதல்ல. 2009 இல் முகாம்களில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே கூடாரத்தைப் பகிர்ந்தவர்கள் நாங்கள். எங்களுடைய பின்னேரத்தில் முதல் ஒரு மணித்தியாலம் தேநீரும் கதையும். அதன் பின்னர் வேலை விண்ணப்பம் நிரப்புவது, அடையாள அட்டைச் சிக்கல், கிளினிக்குக்குத் துணை போவது என்று வந்தவர்களின் தேவைக்கேற்ப அலுவல்கள் நடக்கும். விரிவுரை எதுவும் நடத்துவதில்லை. தொடக்கத்தில் இரண்டு தடவை நடத்தினோம். இரண்டு தடவையும் வந்தவர்கள் பாதியில் எழுந்து போனார்கள், அது எங்களுக்குப் போதுமான பாடமாக இருந்தது.

கேள்வி: எங்களுடைய சனசமூக நிலைய நிர்வாகசபையில், இப்படி ஓர் ஒன்றுகூடலை அங்கே நடத்தலாம் என்ற யோசனையை வைத்தேன். "சட்டவிரோதம், பொலிஸ் வரும்" என்று தலைவர் மறுத்துவிட்டார். அது சரியா? (நிர்வாகசபை உறுப்பினர் ஒருவர்)

பதில்: தலைவருடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது, ஆனால் அவர் சொன்ன சட்டம் சரியானதல்ல. இலங்கையின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 365 ஆம் பிரிவும் 365 அ பிரிவும் சில பாலியல் செயல்களையே குற்றமாக்குகின்றன. முதலாவதற்கு 10 ஆண்டுகள் வரையும் இரண்டாவதற்கு 2 ஆண்டுகள் வரையும் சிறை விதிக்கலாம். 1995 இல் வந்த திருத்தம், ஆண்களை மட்டும் குறித்து நின்ற 365 அ பிரிவைப் பெண்களுக்கும் பொருந்தும்படி விரித்தது. இப்பிரிவுகளைத் திருத்துவதற்காகப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 இல் தீர்மானித்தது. ஆயினும் அது சட்டமாக நிறைவேறவில்லை. ஆகவே அந்தப் பிரிவுகள் இன்றும் நடைமுறையில் உள்ளன. ஆனால் ஒருவர் இன்னாராக இருப்பதையோ, பலர் கூடித் தேநீர் குடித்துக் கதைப்பதையோ குற்றமாக்கும் பிரிவு எதுவும் இல்லை. ஒன்றுகூடும் உரிமையும் சங்கம் சேரும் உரிமையும் அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரையில் உள்ளன.

நடைமுறையில் தொல்லை பெரும்பாலும் வீதியிலேதான் வருகிறது. 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தைக் காட்டித் திருநங்கைகளை மறித்து விசாரிப்பது நாடு முழுவதும் நடந்துவருகிறது. அதனால் எங்களுடைய ஒன்றுகூடல் கடைசிப் பேருந்துக்கு முன்னரே முடிந்துவிடும், எவரும் தனியே திரும்பிச் செல்வதில்லை. அத்துமீறல் நடந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அதன் பிராந்திய அலுவலகம் ஒன்று வவுனியாவிலும் உண்டு. இவற்றை எழுத்தில் தயாரித்துக்கொண்டு சென்று தலைவரோடு இன்னொரு முறை கதையுங்கள். கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வேண்டாம், அவருடைய வீட்டுக்குப் போய்க் கதையுங்கள்.

கேள்வி: வாசலில் பால்புதுமையினரின் அடையாளமான வானவில் கொடி கட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம். யாழ்ப்பாண நகரில் அண்மைய ஆண்டுகளில் பால்புதுமையினரின் சுயமரியாதை நடைபவனிகள் நடந்தன. அவற்றில் நடந்தவர்களின் துணிவை நான் மதிக்கிறேன். ஆனால் எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஒரு குடியேற்றக் கிராமத்தில், அந்த வாசலுக்குள் நுழைவதே ஒருவரை ஊருக்குக் காட்டிக் கொடுத்துவிடும். எங்களுடைய அறைக்கு வெளியே "உளவளத்துணை" என்று மட்டும் எழுதியிருக்கிறது, அதில் பொய் இல்லை.

கேள்வி: என்னுடைய மகனுக்குப் பதினேழு வயது. அவனுடைய கைபேசியைப் பார்த்தபோது விஷயம் தெரியவந்தது. அவனுடைய தகப்பன் இறுதி யுத்தத்தில் இல்லாமற் போனவர். நான் ஒருத்தி வளர்த்ததால்தான் இப்படி ஆனானா? எங்கே கொண்டுபோய்க் குணப்படுத்துவது? (ஒரு தாய்)

பதில்: அம்மா, உங்களுடைய வளர்ப்பில் எந்தக் குறையும் இல்லை. இது வளர்ப்பால் வருவதும் அல்ல. தகப்பன் இல்லாமல் தாய் மட்டும் வளர்த்த பிள்ளைகள் இந்த மண்ணில் ஏராளம், அவர்கள் எல்லோரும் இப்படியா இருக்கிறார்கள்? தகப்பனும் தாயும் சேர்ந்து வளர்த்த வீடுகளிலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் பிறந்து வளர்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பைத் தன்னுடைய நோய்ப் பட்டியலிலிருந்து 1990 இலேயே நீக்கிவிட்டது. நோய் அல்லாத ஒன்றுக்கு மருந்து கிடையாது. குணப்படுத்துவதாகச் சொல்லிப் பணம் வாங்குபவர்களிடமும், கட்டிவைத்துச் சடங்கு செய்பவர்களிடமும் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள். அவ்வாறு கொண்டுபோகப்பட்ட ஒரு பிள்ளையின் கைகளில் இருந்த தழும்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கைபேசியைப் பார்த்தது அவனுக்குத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியுமென்றால், பார்த்தது பிழை என்று முதலில் சொல்லிவிடுங்கள். தெரியாதென்றால், உடனே அதைப் பற்றிக் கேட்க வேண்டாம். வழக்கம்போலச் சோறு போட்டுக் கொடுங்கள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பக்கத்தில் இருங்கள், அவனாகச் சொல்லும் நாள் வரும். மாமன்மாரிடமோ கோயிலிலோ தேவாலயத்திலோ இதைச் சொல்வதா என்பதை அவன் மட்டுமே முடிவு செய்யலாம். சாப்பாடு, நித்திரை குறைந்து அறைக்குள்ளேயே இருக்கிறான் என்றாலோ, செத்துப்போவது பற்றிக் கதைத்தான் என்றாலோ தாமதிக்காதீர்கள். தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு நேரே செல்லுங்கள்.

கேள்வி: நானும் என்னுடைய சிநேகிதியும் முப்பது வருடங்களாக ஒரே வீட்டில் வாழ்கிறோம். சகோதரிகள் என்றே ஊர் நினைக்கிறது. காணி, அரசாங்கம் என்னுடைய பெயரில் வழங்கிய அனுமதிப்பத்திரக் காணி. எனக்கு இப்போது 67 வயது. எனக்குப் பிறகு அவள் எங்கே போவாள்? (முத்தையன்கட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர்)

பதில்: அக்கா, உங்களுடைய கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். பதில் முழுவதும் ஆறுதலாக இருக்காது, ஆனால் உண்மையை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற குடியேற்றத் திட்டங்களில் வழங்கப்பட்ட காணிகள் பெரும்பாலும் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை. அச்சட்டத்தின்படி நீங்கள் நியமிக்கக்கூடிய பின்னுரித்தாளர், அதாவது உங்களுக்குப் பின் காணியைப் பெறுபவர், உங்களுடைய வாழ்க்கைத் துணையாகவோ, சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் குறித்துள்ள இரத்த உறவினராகவோ இருக்க வேண்டும். உங்கள் இருவரையும் வாழ்க்கைத் துணைகளாகச் சட்டம் ஏற்பதில்லை. மரண சாசனம் எழுதியும் அனுமதிப்பத்திரக் காணியை அவருக்குக் கொடுக்க முடியாது. பின்னுரித்தாளரை நியமிக்காமலே விட்டால், நீங்கள் பல வருடங்களாகக் கதைக்காத ஓர் உறவினர் வந்து உரிமை கோரலாம்.

ஆகவே முதலில், உங்களுடைய சகோதரர்களின் பிள்ளைகளுள் உங்கள் இருவர் மீதும் உண்மையான அன்பு வைத்திருப்பவர் எவரேனும் உண்டா என்று யோசியுங்கள். அவரைப் பின்னுரித்தாளராகப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் பதிவு செய்யலாம். உங்களுடைய சிநேகிதி கடைசிவரை அந்த வீட்டில் இருப்பார் என்று அவர் தரும் வாக்கு சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியாத வாக்குத்தான். ஆனால் நம்பிக்கையானவரின் வாக்கு, கதைக்காத உறவினரின் உரிமையைவிட மேல். இரண்டாவதாக, காணி தவிர்ந்த மற்றவற்றைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். நகை, மாடுகள், உழவு இயந்திரம், சேமிப்பு ஆகியவற்றை மரண சாசனத்தால் அவருக்கே கொடுக்கலாம். நொத்தாரிசு ஒருவரும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் கையெழுத்திட்டால் அது செல்லும். வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ளலாம். இருவருள் எவருக்கேனும் உறுதிக் காணி (உறுதிப்பத்திரமுள்ள சொந்தக் காணி) சிறிதளவு இருந்தால், அதைச் சீவிய உரித்தை (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு மற்றவருக்கு நன்கொடையாக எழுதலாம், அது மிகவும் உறுதியான வழி. கையெழுத்திடுவதற்கு முன்னர், அனுமதிப்பத்திரத்தின் பிரதியோடு ஒரு சட்டத்தரணியைக் கட்டாயம் பாருங்கள்.

இன்னொன்று: இருவருடைய கிளினிக் கொப்பிகளிலும் அவசரத் தொடர்புக்கு மற்றவருடைய பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் இன்றே எழுதி வையுங்கள். உங்களுடைய சிநேகிதிக்கு 60 வயது நிறைந்திருந்தால் முதியோர் அடையாள அட்டையும் எடுத்துவிடுங்கள். கிராம அலுவலருக்கு அவருடைய பெயரும் முகமும் இப்போதே தெரிந்திருப்பது, பின்னர் "இவர் யார்?" என்று எவரும் கேட்கும் நாளில் உதவும்.

கேள்வி: பிறப்புச் சான்றிதழில் பெண் என்று இருக்கிறது, நான் ஆண். வேலைக்குப் போகும் இடமெல்லாம் அடையாள அட்டையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மாற்ற முடியுமா? (ஒரு திருநம்பி)

பதில்: முடியும் தம்பி. சுகாதார அமைச்சு 2016 இல் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, உளநல மருத்துவ நிபுணர் ஒருவர் உங்களுக்குப் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் வழங்கலாம். அதைக் கொண்டு பதிவாளர் நாயகத்தின் திணைக்களத்தில் பிறப்புப் பதிவைத் திருத்தி, அதன் பின்னர் அடையாள அட்டையை மாற்றலாம். நிபுணரை ஒரே தடவையில் பார்த்து முடியாது, பல தடவை செல்ல வேண்டியிருக்கும். யுத்தத்தில் மூலப் பதிவுகள் அழிந்த குடும்பம் என்றால், பிறப்புச் சான்றிதழின் பிரதியை முதலில் தேடி எடுத்துக்கொள்ளுங்கள், எங்களிடம் வந்தவர்கள் அதிக காலம் இழுபட்டது அந்த இடத்தில்தான். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நாங்கள் வருவோம்.

கேள்வி: இளையோரையும் முதியோரையும் ஏன் ஒரே அறையில் வைத்திருக்கிறீர்கள்? இரண்டு பகுதியினருக்கும் ஒத்துவருமா?

பதில்: எல்லா விஷயத்திலும் ஒத்துவராது. ஒரு முறை, ஊரார் சொல்லுக்காகத் திருமணம் செய்து பிள்ளைகளும் பெற்ற அறுபது வயதுக்காரர் ஒருவரிடம், "ஏன் ஐயா ஒரு பெண்ணின் வாழ்க்கையையும் கெடுத்தீர்கள்?" என்று ஓர் இளைஞர் கேட்டுவிட்டார். ஐயா எழுந்து போய்விட்டார். இரண்டு கிழமை கழித்துத் திரும்பி வந்து, தான் திருமணம் செய்த காலத்தில் தனக்கு இருந்த பயங்களை ஒவ்வொன்றாக அந்த இளைஞருக்குச் சொன்னார். மனைவிக்குச் செய்தது அநியாயம் என்பதையும் ஒப்புக்கொண்டார். இப்போது அந்த இளைஞரே அவரை மோட்டார் சைக்கிளில் கண் கிளினிக்குக்கு ஏற்றிச் செல்கிறார். தன்னைப் போன்ற ஒருவர் அறுபது வயது வரை உயிரோடு இருக்க முடியும் என்பதைக் கண்ணால் காணாத பிள்ளைகள்தான் எங்களிடம் அதிகம் வருகிறார்கள். அதை என்னால் சொல்லிக் காட்ட முடியாது, அந்த ஐயா வந்து கதிரையில் உட்கார்ந்தாலே போதும். ஆனால் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு நேரத்தைத் தனியாக வைத்திருக்கிறோம். அப்போது பயிற்சி பெற்ற இருவர் எப்போதும் அறையில் இருப்பார்கள், கதவும் திறந்தே இருக்கும். இதில் நாங்கள் எவருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.

கேள்வி: நாங்கள் ரொறன்ரோவில் இருக்கும் சில நண்பர்கள். பணம் அனுப்ப விரும்புகிறோம். எதற்கு அனுப்புவது? நிகழ்ச்சிப் படங்களை அனுப்புவீர்களா?

பதில்: பேருந்துக் காசுக்கு அனுப்புங்கள். மல்லாவியிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ ஒருவர் வந்து திரும்புவதற்கு ஒரு நாட்கூலியின் ஒரு பங்கு போய்விடுகிறது. வராமல் நின்றவர்கள் சொன்ன காரணங்களில் பயத்துக்கு அடுத்தது அதுதான். அடுத்ததாக, இரவில் வெளியேற்றப்பட்ட ஒரு பிள்ளைக்கு இரண்டு மூன்று நாட்கள் இடம் கொடுக்கும் குடும்பங்களுக்குச் சாப்பாட்டுச் செலவு தேவைப்படுகிறது. கணக்கை மாதந்தோறும் பற்றுச்சீட்டுகளோடு அனுப்புவோம். படங்கள் அனுப்ப மாட்டோம். முன்னர் நன்கொடை தந்த ஒருவர் எங்களைக் கேட்காமல் முகப்புத்தகத்தில் போட்ட ஒரு படத்தின் ஓரத்தில் ஒரு பிள்ளையின் முகம் தெரிந்தது. அந்தப் பிள்ளை இப்போது இந்த மாவட்டத்தில் இல்லை. அன்றிலிருந்து அறைக்குள் நுழையும்போது கைபேசிகளை வாசலில் உள்ள பனையோலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத்தான் வருகிறோம், நானும் அப்படியே.