அப்பாவும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. அக்காவாக நான் என்ன செய்யலாம்?

முதலில் தூது போவதை நிறுத்துங்கள். நான் மூன்று மாசம் போனேன், சண்டை பெரிதானதுதான் மிச்சம்.

எங்கள் ஊர் காங்கேயம் பக்கம். அப்பாவுக்கு நாலு ஏக்கர் கொரங்காடு இருக்கிறது. கேள்விப்படாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மாடு மேய்வதற்கென்றே விட்டிருக்கும் காடு. அப்பாவின் மூன்று மாடும் ஒரு மயிலைக் காளையும் அதில்தான் கிடக்கும்.

2025-இல் கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டியதும் தம்பிக்கு ஆசை பிடித்துக்கொண்டது. ரோட்டோரம் ஒரு ஏக்கரைச் சமன்படுத்தி, சிமெண்ட் களம் போட்டுத் தேங்காய் உலர்த்தலாம் என்றான். மோசமான யோசனை இல்லை, எங்கள் சுத்துப்பட்டில் எந்தப் பக்கம் போனாலும் களம்தான். ஆனால் அதை அப்பாவிடம் சொல்லவில்லை, அம்மாவிடம்தான் சொன்னான். ஆடி மாசம் ஒரு நாள் ஜேசிபிக்காரரைக் கூட்டி வந்து, டேப் பிடித்து அளந்து, நாலு மூலையிலும் சுண்ணாம்பு போட்டுவிட்டான். சாயங்காலம் மாட்டை ஓட்டிவரப் போன அப்பா கண்ணில் அந்தச் சுண்ணாம்பு பட்டது.

அன்று ராத்திரி நடந்த பேச்சை இங்கே எழுத முடியாது. அப்புறம் ஒரே வீட்டில் இருவரும் அம்மா வழியாகத்தான் பேசினார்கள். "மோட்டார நிறுத்தியாச்சான்னு உம்பையனக் கேளு" என்பார் அப்பா. பையன் இரண்டடி தள்ளி உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பான்.

நான் கல்யாணமாகிப் பெருந்துறையில் இருக்கிறேன். தினமும் இருவருக்கும் போன் போடுவேன். "அவனுக்கு என்ன தெரியும்" என்று அப்பா சொன்னதை, "அப்பாவுக்கு உன்னை நினைச்சுத்தாண்டா கவலை" என்று தம்பியிடம் சொல்வேன். "அவருக்கு மாடுதான் மகன்" என்று அவன் சொன்னது, அப்பாவிடம் போகும்போது "அவனும் வருத்தத்துலதான் இருக்கறானுங்கப்பா" என்று மாறிவிடும். மற்றவர் இறங்கி வந்துவிட்டார் என்று இருவருமே நம்பிவிட்டார்கள். தீபாவளியன்று இவர் வருவார் என்று அவனும், அவன் வருவான் என்று இவரும் உட்கார்ந்திருந்து, எண்ணெய்கூட வைக்காமல் விடிந்துவிட்டது. கடைசியில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம், நான் புளுகுகிறேன் என்பது.

அதற்கடுத்து செய்தது இன்னும் பெரிய தப்பு. பெரியப்பாவைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்துப் பேசச் சொன்னேன். அவர் பங்காளி, எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் அவர் நிலம். அவர் வந்து உட்கார்ந்ததுமே அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். "பங்காளி முன்னால எம்மானத்தை வாங்கிப்போட்டயே கண்ணு" என்று என்னிடம் பத்து நாள் பேசவில்லை. நம் பக்கத்தில் தாய்மாமனைக் கூப்பிடுவது வெறும் சீருக்காக இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மாமாவுக்கு அந்த நிலத்தில் ஒரு சாண்கூடச் சேராது. அம்மா வீட்டு ஆள் என்பதால் அப்பாவும் அவரிடம் குரலை உயர்த்த மாட்டார்.

மாமா இருவரிடமும் தனித்தனியாகத்தான் பேசினார், அதுவும் களத்தைப் பற்றி இல்லை. அப்பா சொன்னது: "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானா? நான் உசுரோடதானே இருக்கறேன்." தம்பி சொன்னது: "முப்பத்தொரு வயசாச்சுங் மாமா. பெட்ரோலுக்குக் கை நீட்டறேன். பொண்ணு வீட்டுல பையனுக்கு என்ன வருமானம்னு கேட்டா எங்கப்பாவுக்கு மாடு இருக்குதுன்னா சொல்றது?" இதில் கொப்பரையும் இல்லை, கொரங்காடும் இல்லை. இதைப் பிரித்து எடுக்காமல் எத்தனை தடவை உட்காரவைத்தாலும் ஏக்கர் கணக்கில்தான் போய் முடியும்.

இன்னொன்று, உங்களுக்கும் இது பொருந்தலாம். நான் அப்பா பக்கம் பேசுவது பங்குக்காகத்தான் என்று தம்பிக்குச் சந்தேகம். கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது, ஆனாலும் அவன் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டென்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தது, 2005-இல் நாடு முழுக்க வந்தது. அதனால் மாமா முன்னாலேயே சொல்லிவிட்டேன்: "எனக்கு இதில் பங்கு இருக்குது. வேணும்னா பிற்பாடு கேப்பேன். இன்னைக்கு அதுக்கு வரல." அதற்குப் பிறகுதான் அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

சேர்த்துவைத்துப் பேசியது வீட்டில் இல்லை, கொரங்காட்டுக்குள். மாமா ஏற்பாடு. திண்ணையில் உட்கார்ந்தால் எதிரும் புதிருமாக முறைத்துக்கொள்வார்கள். நடந்துகொண்டே பேசினால் பார்க்க வேலி இருக்கிறது, மாடு இருக்கிறது. பாகம் என்ற வார்த்தையை அன்று யாரும் எடுக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவைத்திருந்தார். அரை மணி நேரம் புல்லைப் பற்றியே பேச்சு. அப்பாவாகத்தான் ஒரு வெள்வேல மரத்தடியில் நின்று, "இதுக்கு அந்தப் பக்கம் வேணும்னா அளந்துக்கச் சொல்லுங்க" என்றார். அறுபது சென்ட் வரும். கிளுவையைத் தொடக் கூடாது, களத்துக்குத் தனியாகப் படல் வைக்க வேண்டும் என்றார். தம்பி ஒரு ஏக்கர் கேட்டவன், சரிங்க என்றுவிட்டான்.

அறுபது சென்டை உடனே பேருக்கு எழுதி வாங்கச் சொல்லி ஊரில் நாலு பேர் அவனுக்குச் சொன்னார்கள். மாமா விடவில்லை, நானும் விடவில்லை. உங்கள் வீட்டில் அப்படி எழுதும் நிலை வந்தால், கடைசிவரை அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அது இருந்தால், பின்னால் கவனிக்காமல் விட்டாலும் 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டப்படி பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

ஒன்றாகிவிட்டார்களா என்றால், இல்லை. களம் ஓடுகிறது. தம்பி எண்ணெய் மில்லிலிருந்து மாட்டுக்குப் புண்ணாக்கு மூட்டை வாங்கி வந்து, ஒன்றும் சொல்லாமல் கட்டுத்தரையில் போட்டுவிட்டுப் போவான். அப்பா அதைத் தூக்கிப் பார்த்து, எடை குறைகிறது, உம்பையனைக் கேளு என்று அம்மாவிடம் சொல்வார். போன வாரம் நான் போயிருந்தபோது அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். மூட்டை வந்து விழுந்தது. அப்பா சுற்றிப் பார்த்தார், சொல்லிவிட ஆள் இல்லை. நான் வேண்டுமென்றே போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எடை போட்டுத்தான் வாங்கினயா?" என்றார்.

"போட்டனுங்ப்பா" என்றான்.