நகராட்சித் தலைமை தன் பணியாளர்களிடம் என்ன சொல்ல வேண்டும்? – கேள்வி பதில்

தமிழ்நாட்டின் நகராட்சி அலுவலகங்களில் முதலில் மேலாளராகவும் பின்னர் ஆணையாளராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். நகராட்சியின் பணிகளையும் சேவைகளையும் பற்றித் தலைமை தன் பணியாளர்களுக்கு அனுப்பும் மாதச் சுற்றறிக்கை குறித்து, பணியில் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்மையில்தான் ஆணையாளராகப் பொறுப்பேற்றேன். மாதந்தோறும் எல்லாப் பணியாளர்களுக்கும் ஓர் அறிக்கை அனுப்ப விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்குவது, ஐயா?

பதில்: நாளைக் காலை வரி வசூல் மையத்தில் அமர்ந்திருப்பவரிடம் பொதுமக்கள் என்ன கேட்பார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். என்ன மாறியிருக்கிறது, எந்த நாளிலிருந்து, எந்தத் தீர்மானம் அல்லது அரசாணையின்படி, பதில் தெரியாவிட்டால் யாரைக் கேட்பது ஆகிய நான்கும் இல்லாத சுற்றறிக்கை எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் பயன்படாது. நேரமும் முக்கியம். அரையாண்டின் முதல் முப்பது நாட்களுக்குள் சொத்து வரி செலுத்துவோருக்கு 5 சதவீதம், அதிகபட்சமாக 5,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு என்பதை ஏப்ரல் 25 அன்று நினைவூட்டினால், அதற்குள் வந்து கட்டிவிட்டுப் போனவர்களுக்கு நம் பணியாளர் என்ன விளக்கம் சொல்லியிருப்பார்? அந்தச் செய்தி மார்ச் இறுதியிலேயே அவர் கையில் இருந்திருக்க வேண்டும்.

கேள்வி: நான் சுகாதார ஆய்வாளர். எங்கள் தூய்மைப் பணியாளர்களில் பெரும்பாலோர் ஒப்பந்த நிறுவனத்தின் வழியாக வருபவர்கள். அவர்களுக்கு மின்னஞ்சலும் இல்லை, சுற்றறிக்கையும் போய்ச் சேர்வதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் கேட்டதே இந்தக் கேள்விகளில் மிக முக்கியமானது என்று கருதுகிறேன். ஆணையாளரைப் பார்க்காத குடும்பங்கள் ஊரில் ஏராளம். தூய்மைப் பணியாளரைப் பார்க்காத குடும்பம் அரிது. அவர் யாரிடம் ஊதியம் பெற்றாலும், வீட்டு வாசலில் நிற்கும்போது மக்களின் கண்ணுக்கு அவர்தான் நகராட்சி. திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-இல் வந்து, மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீடுகளில் சேரும் தீங்கான கழிவு என்று மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்றபோது, அதை ஒவ்வொரு வீட்டுக்கும் எடுத்துச் சொல்லும் சுமை இவர்கள் தோளில்தான் விழுந்தது. ஆனால் ஏன் அப்படிப் பிரிக்க வேண்டும் என்று இவர்களுக்கு விளக்கியவர்கள் மிகச் சிலரே.

ஆகவே விடியற்காலை வருகைப் பதிவின்போது ஐந்து நிமிடம் ஒதுக்கி, சுற்றறிக்கையின் சாரத்தைப் பேச்சுத் தமிழில் நீங்களே சொல்லுங்கள். அவர்கள் திருப்பிக் கேட்பதைக் குறித்துக்கொண்டு ஆணையாளரிடம் கொடுங்கள். அடுத்த மாத அறிக்கையில் அதற்குப் பதில் இடம்பெற வேண்டும். இன்னொன்றையும் விடாமல் சொல்லுங்கள்: மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாப்புக் கருவிகள் இன்றி எவரையும் பாதாளச் சாக்கடைக்குள்ளோ கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ இறக்குவது குற்றம். சாக்கடையில் இறங்கி உயிரிழப்போரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஆணையிட்டது. இறங்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பதையும், அப்போது யாரை அழைக்க வேண்டும் என்பதையும் தலைமை தன் பெயரிலேயே சொல்ல வேண்டும். தொகையைச் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். உயிர் போகாமல் காப்பதுதான் நம் வேலை.

கேள்வி: மன்றத்தில் தீர்மானம் நிறைவேறும் முன்பே ஒரு செய்தியைப் பணியாளர்களுக்குத் தெரிவிக்கலாமா?

பதில்: முடிவாகத் தெரிவிக்கக் கூடாது; ஆனால் மௌனமாக இருப்பதும் சரியன்று. மன்றத்தின் முன் வைக்கப்பட்ட பொருள் வேறு, நிறைவேறிய தீர்மானம் வேறு, அரசாணை வேறு என்பதைச் சுற்றறிக்கை தெளிவாகப் பிரித்துக் காட்ட வேண்டும். புதுக்கோட்டை, திருவண்ணாமலை, நாமக்கல், காரைக்குடி ஆகிய நான்கும் 2024-இல் மாநகராட்சிகளாக ஆனதைப் போன்ற தரம் உயர்வு வரும்போது, பணிமூப்பு என்ன ஆகும், இணைக்கப்படும் ஊராட்சியின் பணியாளர் எங்கே அமர்வார் என்ற கவலை தேநீர்க் கடை வரை பேசப்படும். எது முடிவாகிவிட்டது, எது இன்னும் அரசின் பரிசீலனையில் இருக்கிறது என்று இரண்டு பத்தியில் எழுதிவிட்டால் வதந்திக்கு இடமிருக்காது.

கேள்வி: நான் வரி வசூல் பிரிவில் இருக்கிறேன். வசூல் குறைந்தவர்களின் பெயர்களை அறிக்கையில் வெளியிடுகிறார்கள். இது முறையா?

பதில்: முறையன்று. கேட்பு (வசூலிக்க வேண்டிய மொத்த வரி), வசூல், நிலுவை ஆகிய மூன்றையும் வார்டு வாரியாகத் தரலாம், பெயர் வேண்டாம். நீதிமன்ற வழக்கில் உள்ள கட்டடங்கள், இரட்டை வரிவிதிப்பு, பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஆகியவற்றைக் கழித்துப் பார்க்காமல் ஒருவரைக் குறை சொல்வது கணக்கும் ஆகாது, நியாயமும் ஆகாது.

கேள்வி: பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் சட்டத் திருத்தங்களை நாங்கள் நாளிதழ் படித்துத்தான் அறிகிறோம்.

பதில்: தலைமை வெட்கப்பட வேண்டிய நிலை இது. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அந்நாளிலோ அதன் பின்னரோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம் போன்றவற்றில் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். எனவே 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்ற பழைய விதியின் கனம் இப்போது பல மடங்கு கூடியிருக்கிறது. இத்தகைய மாற்றத்தை உரிய பிரிவுக்கு அமலாகும் முன்பே தனிக் குறிப்பாக அனுப்பச் சொல்லி உங்கள் மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: இந்தச் சுற்றறிக்கையைப் பொதுமக்கள் கேட்டால் கொடுக்க வேண்டுமா?

பதில்: ஆம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டால் பொதுவாக 30 நாட்களுக்குள் தர வேண்டும்.

கேள்வி: கெட்ட செய்தியை எப்படி எழுதுவது?

பதில்: நான் பணியாற்றிய ஓர் ஊரில் பிரதான குழாய் உடைந்து மூன்று நாள் குடிநீர் நின்றது. பத்திரிகைகளுக்கு முதலில் செய்தி கொடுத்தோம்; நம் ஆட்களுக்குச் சொல்ல மறந்தோம். வார்டில் தண்ணீர் திறந்துவிடும் பணியாளரை மக்கள் சூழ்ந்துகொண்டு கேட்டபோது அவருக்கு எதுவுமே தெரியவில்லை. அன்று மாலை அவர் என் அறைக்கு வந்து, கோபப்படாமல், "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா" என்றார். அடுத்த முறை குழாய் உடைந்தபோது என் முதல் அழைப்பு அவருக்குத்தான் போனது: எங்கே உடைந்தது, எந்தத் தெருக்களுக்கு நீர் வராது, லாரித் தண்ணீர் எத்தனை மணிக்கு எங்கே நிற்கும் என்று சொன்னேன். அதையே எழுத்தில் இட்டு மற்றவர்களுக்கு அனுப்பினோம்.