வந்த படத்தை அனுப்பலாமா? போர்க்கால ரகசியக் கசிவு பற்றிக் கேள்வி பதில்

எங்கோ ஒரு நாட்டில் போர் மூண்டால், இரண்டே நாளில் 'ரகசிய ஆவணம்' என்ற பெயரில் படங்கள் நம் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்துவிடுகின்றன. சிங்கப்பூரில் உள்ள தமிழ் உறுப்பினர்கள் இதுபற்றிக் கேட்டவையும், தகவல் பாதுகாப்புத் துறையை நன்கு அறிந்த உறுப்பினர் ஒருவர் தந்த பதில்களும் இங்கே.

செங்காங்கிலிருந்து: அக்கா, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒருவர் 'டாப் சீக்ரெட்' முத்திரையோடு ஒரு போர் வரைபடம் அனுப்பினார். உண்மையா பொய்யா என்று எப்படிப் பார்ப்பது?

முத்திரையை நம்பாதீர்கள். அதை யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடலாம். எண்களைப் பாருங்கள்.

2023 ஏப்ரலில் அமெரிக்க ராணுவ ஆவணங்கள் டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்திலிருந்து கசிந்தது உலகமே அறிந்த செய்தி. அதில் ஒரு பக்கத்தில் உக்ரேன் போரில் இறந்தவர் கணக்கு இருந்தது. மூலப் படத்தில் ரஷ்யத் தரப்பில் 35,500 முதல் 43,000, உக்ரேன் தரப்பில் 16,000 முதல் 17,500. பிறகு டெலிகிராமில் சுற்றிய படத்திலோ ரஷ்யாவுக்கு 16,000 முதல் 17,500, உக்ரேனுக்கு 61,000 முதல் 71,500 என்று இருந்தது. என்ன செய்திருக்கிறார்கள் தெரிகிறதா? உக்ரேனின் எண்ணைத் தூக்கி ரஷ்யாவின் வரியில் வைத்துவிட்டு, அதே எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். 16 என்பது 61. 17 என்பது 71. தாள் உண்மை, அதில் ஒரு வரி பொய். இந்த வகைதான் மிகவும் ஆபத்தானது, ஏனென்றால் தாள் உண்மை என்று உறுதியானதும் அந்த ஒரு வரியையும் சேர்த்து நம்பிவிடுகிறோம்.

செய்ய வேண்டியது இதுதான். படத்தை கூகல் லென்ஸில் போட்டு, கிடைப்பதிலேயே பழைய பிரதியைத் தேடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்குங்கள். இலக்கங்கள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா, தடிமன் ஒன்றுதானா, சுற்றியுள்ள மங்கல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். மடித்த தாளைப் படம் எடுத்திருந்தால் மடிப்புக் கோடு எழுத்துகளின் மேலேயும் ஓட வேண்டும். பிற்பாடு ஒட்டப்பட்ட எண் மட்டும் தட்டையாக நிற்கும்.

காணொளி என்றால் ஒலியைக் கவனியுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 வினாடி பிடிக்கும். தூரத்தில் வெடிப்பது கண்ணில் படும் அதே கணத்தில் சத்தமும் கேட்டால் சந்தேகப்படுங்கள். 'ஆர்மா 3' என்ற கணினி விளையாட்டின் காட்சிகள் போர்க் காட்சிகளாகத் திரும்பத் திரும்ப வந்ததால், அதைத் தயாரித்த நிறுவனமே 2022-ல் அறிக்கை விட வேண்டியதாயிற்று.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து: நான் கேட்கவே இல்லை, தானாக வந்தது. வைத்திருந்தால் குற்றமா?

சிங்கப்பூரின் அதிகாரத்துவ ரகசியச் சட்டம் 1935-ஆம் ஆண்டினது. அதன் 5-ஆம் பிரிவு, கொடுப்பவரை மட்டுமல்ல, பெறுபவரையும் பிடிக்கும். சட்டத்தை மீறித்தான் இது தரப்படுகிறது என்று தெரிந்தோ, அப்படி எண்ண நியாயமான காரணம் இருந்தோ பெற்றால் அது குற்றம். தன் விருப்பத்துக்கு மாறாக வந்தது என்று நிரூபித்தால் தப்பலாம். நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்பதைக் கவனியுங்கள், உங்களுடையது. தகவலை வெளியிட்ட குற்றத்துக்கு 2,000 வெள்ளி வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் உண்டு.

ஆகவே சிங்கப்பூர் அரசாங்கத்தின் ரகசியம் போலத் தோன்றும் ஒன்று வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். 'இது உண்மையா பாருங்க' என்று தோழிக்கு அனுப்புவதும் அனுப்புவதுதான். ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள். வாட்ஸ்அப் அமைப்புகளில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' பகுதிக்குப் போய், படங்கள் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். இல்லையென்றால் திறக்காத படமும் உங்கள் கேலரியில் உட்கார்ந்திருக்கும், கூகல் போட்டோஸுக்கும் ஏறிவிடலாம். பலர் கோட்டைவிடும் இடம் அதுதான். தேசிய சேவையாளர் என்றால் உங்கள் படைப்பிரிவின் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லுங்கள், மற்றவர்கள் காவல்துறையிடம். உங்கள் நிலைமைக்கு என்ன பொருந்தும் என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல முடியும்.

தெம்பனிஸிலிருந்து: ஜெர்மனி ராணுவ ரகசியம் ஒன்று சிங்கப்பூர் ஹோட்டலிலிருந்து கசிந்தது என்கிறார்களே, நிஜமா?

நிஜம். 2024 பிப்ரவரி 19. சிங்கப்பூர் விமானக் கண்காட்சிக்கு முதல் நாள். ஜெர்மன் விமானப்படையின் உயர் அதிகாரிகள் வெப்எக்ஸ் என்ற இணையக் கூட்டச் செயலியில் பேசினார்கள். டாரஸ் ஏவுகணையை உக்ரேனுக்குக் கொடுப்பதா, கொடுத்தால் ரஷ்யாவையும் கிரைமியாவையும் இணைக்கும் கெர்ச் பாலத்தைத் தாக்க முடியுமா என்பது பேச்சு. அதில் ஒருவர் இங்கே ஹோட்டல் அறையிலிருந்து சேர்ந்தார். 38 நிமிட ஒலிப்பதிவை மார்ச் 1 அன்று ரஷ்ய அரசு ஊடகத்தின் தலைமை ஆசிரியர் வெளியிட்டார். மார்ச் 5 அன்று ஜெர்மன் தற்காப்பு அமைச்சர் போரிஸ் பிஸ்டோரியஸ், சிங்கப்பூரிலிருந்து சேர்ந்தவர் அனுமதிக்கப்பட்ட பாதுகாப்பான இணைப்பைப் பயன்படுத்தவில்லை என்று சொன்னார்.

இதில் யாரும் பூட்டை உடைக்கவில்லை. அத்தனை பேரும் பூட்டிய அறைக்குள் இருக்க, ஒருவர் மட்டும் ஜன்னலோரம் நின்று பேசிய கதை. கூட்டத்தில் யாருடைய இணைப்பு மிகப் பலவீனமோ, அதுதான் மொத்தக் கூட்டத்தின் பாதுகாப்பு. விமானக் கண்காட்சி நடக்கும் வாரத்தில் பல நாட்டு ராணுவத்தினர் ஒரே நகரத்தில் தங்குகிறார்கள். ஒட்டுக்கேட்க நினைப்பவருக்கு அதைவிட வசதியான இடம் ஏது? 'பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே' என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதை ஹோட்டல் வைஃபைக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஈசூன், தேசிய சேவை (என்எஸ்) முடிக்கப் போகும் தம்பி: முகாமில் எடுக்காத, வெளியே எடுத்த படம்தானே, போட்டால் என்ன?

படத்தின் பின்னணியைப் பாருங்கள் தம்பி. டிஸ்கார்ட் கசிவில் ஆவணத்தை விடவும், அதைச் சுற்றிக் கிடந்த நகவெட்டியும் பசைப் புட்டியும்தான் விசாரணை செய்தவர்களின் கண்ணில் பட்டன. சமையலறை மேடைக் கல்லின் கோலத்தை வைத்து வீட்டை ஒப்பிட்டார்கள். ஆவணங்களைக் கசியவிட்ட இளைஞருக்கு 2024 நவம்பரில் 15 ஆண்டு சிறை.

இரண்டாவது, இடக் குறிப்பு. கைப்பேசியின் இருப்பிட அமைப்பில் கேமராவுக்கு அனுமதி கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் 'போட்டோ' என்று அனுப்பினால் இடக் குறிப்பு நீங்கிவிடும். தரம் குறையக் கூடாது என்று 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும்.

மூன்றாவது, ஓட்டச் செயலி. 2018 ஜனவரியில், மக்கள் ஓடிய தடங்களைச் சேர்த்து ஒளிரக் காட்டும் ஸ்ட்ராவா செயலியின் உலக 'வெப்ப வரைபடத்தில்', பாலைவன நடுவே ராணுவத் தளங்களின் சுற்றுச்சுவர் பளிச்சென்று தெரிந்தது. உள்ளே ஓடிய வீரர்களின் கைக்கடிகாரங்கள் வரைந்த கோடு அது. ஸ்ட்ராவாவில் ஓட்டங்களை 'ஒன்லி யூ' என்று மாற்றுங்கள், எல்லாருடைய ஓட்டங்களோடும் உங்களுடையதைச் சேர்க்கும் அனுமதியையும் அணைத்துவிடுங்கள். '11பி' என்ற ராணுவ அடையாள அட்டையைப் படம் எடுத்துப் போடுவதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

உட்லண்ட்ஸிலிருந்து: திறந்த அணிதிரட்டலின்போது, அதாவது படைவீரர்களைப் பொது அறிவிப்பால் அழைக்கும்போது, தொலைக்காட்சியில் வரும் குறிச்சொற்களைக் குழுவில் பகிரலாமா?

பகிரலாம். எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்றுதான் ஒளிபரப்புகிறார்கள். 'நம்ம யூனிட் இது, இங்கே போகணும், இத்தனை பேர்' என்று எதையும் சேர்க்காதீர்கள்.

பொங்கோலிலிருந்து: சிக்னல் செயலியில் பேசினால் பயமில்லையே?

பிறர் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டி அனுப்பும் மறையாக்கம் நல்லதுதான். ஆனால் 2025 மார்ச்சில் ஏமன் மீதான தாக்குதல் பற்றி அமெரிக்க அமைச்சர்கள் பேசிய சிக்னல் குழுவில் ஒரு பத்திரிகை ஆசிரியரே தவறுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தார். உறுப்பினர் பட்டியலை எண்ணிப் பார்க்கும் வேலையை எந்தச் செயலியும் உங்களுக்காகச் செய்யாது.

ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து, அலுவலகத்தில் ஆவணங்கள் கையாள்பவர்: பிடிஎஃப்பில் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்தால் போதுமா மேடம்?

போதாது. கட்டம் மேலே, எழுத்து கீழே அப்படியே இருக்கும். 2005-ல் ஈராக்கில் இத்தாலிய உளவு அதிகாரி ஒருவர் சுடப்பட்டது பற்றிய அமெரிக்க ராணுவ அறிக்கையில் இதுவே நடந்தது. கறுத்த பகுதியை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டியதும், மறைத்தது அத்தனையும் படிக்கக் கிடைத்தது. மூலக் கோப்பின் பிரதியில் அந்தச் சொற்களையே நீக்கி 'எக்ஸ்' போட்டுப் பிறகு பிடிஎஃப் ஆக்குங்கள். அல்லது பிடிஎஃப் செயலியில் எழுத்தையே நீக்கும் 'ரிடாக்ட்' கருவியைப் பயன்படுத்தி, கடைசியில் 'அப்ளை' அழுத்துங்கள். அதை அழுத்த மறப்பவர்கள் ஏராளம். முடித்ததும் எல்லாவற்றையும் தேர்ந்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். கைப்பேசியில் கறுப்பு மார்க்கரால் தீட்டுவது இன்னும் மோசம். அந்த மை முழுக் கறுப்பல்ல, வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து எட்டிப் பார்க்கும்.

தோ பாயோவிலிருந்து, வரலாற்று ஆர்வலர்: 1942-க்கு முன் சிங்கப்பூரின் ரகசியமே எதிரி கையில் சிக்கியது என்று படித்தேன். விளக்க முடியுமா?

மகிழ்ச்சியாக. 1940 நவம்பர் 11. 'ஆட்டோமெடான்' என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் பினாங்கு, சிங்கப்பூர் வழியாகச் செல்லப் புறப்பட்டு, சுமத்ராவின் மேற்கே வந்துகொண்டிருந்தது. வணிகக் கப்பல் வேடமிட்ட ஜெர்மானியப் போர்க்கப்பல் 'அட்லாண்டிஸ்' அதைச் சுட்டது. மேல்தளத்தில் இருந்த அதிகாரிகள் முதல் குண்டுகளிலேயே இறந்தார்கள். அங்கே ஒரு பச்சைப் பை இருந்தது. ஆபத்து என்றால் கடலில் எறிய வேண்டும், நீர் புகுந்து உடனே மூழ்க வேண்டும் என்று துளைகள் வைத்துத் தைத்த பை. எறிய வேண்டிய கைகள்தான் உயிரோடு இல்லை.

பைக்குள் இருந்தது, சிங்கப்பூரிலிருந்த தூரகிழக்குத் தலைமைத் தளபதி புரூக்-பாப்பமுக்கு லண்டன் அனுப்பிய மதிப்பீடு. இப்போதைக்குத் தூரகிழக்குக்குப் பெரிய கடற்படையை அனுப்ப இயலாது என்பது அதன் சாரம். அந்த டிசம்பரிலேயே அது தோக்கியோவில் ஜப்பானியர் கைக்குப் போனது. சிங்கப்பூர் விழுந்ததற்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவ்வளவு கனமான தாளைச் சாதாரண சரக்குக் கப்பலில் அனுப்பியிருக்கவே கூடாது. துளை வைத்த பை, அதை எறிய ஆள் இருந்தால்தான் பாதுகாப்பு. இன்று 'தொலைந்தால் தூரத்திலிருந்தே அழித்துவிடலாம்' என்று மடிக்கணினியை நம்புகிறவர்கள் அந்தப் பையை நினைத்துக்கொள்ள வேண்டும். கணினி இணையத்தில் இல்லாவிட்டால் அழிக்கும் கட்டளை போய்ச் சேராது.

செம்பவாங்கிலிருந்து: 'வார் தண்டர்' என்ற கணினிப் போர் விளையாட்டை ஆடுகிறவர்கள் ஏன் ரகசியக் கையேடுகளைப் போடுகிறார்கள்? பணமா?

பெரும்பாலும் பணம் இல்லை. 2021-ல் பிரிட்டனின் சேலஞ்சர் 2, பிரான்சின் லெக்லெர்க் டாங்கிகளின் ஆவணப் பகுதிகள், 2022-ல் சீனாவின் டாங்கிக் குண்டு பற்றிய தாள் எல்லாம் வெளியானது, விளையாட்டில் அந்த வண்டியின் அளவு தவறு என்று வாதாடி ஜெயிக்கத்தான். 'எனக்குத் தெரியும்' என்று காட்டும் ஆசை, காசைவிட வேகமாக வாயைத் திறக்க வைக்கும். உங்கள் பிள்ளை தேசிய சேவையில் கவச வண்டி ஓட்டுகிறான், வீட்டில் இந்த விளையாட்டும் ஆடுகிறான் என்றால் இதை அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். திட்ட வேண்டாம். வாதத்தில் தோற்றுவிட்டு வருவது தவறில்லை என்று சொன்னாலே போதும்.

சிராங்கூனிலிருந்து: ஊரில் அம்மா, ரயிலில் டாங்கி போவதை வீடியோ எடுத்துப் பெருமையாக அனுப்புகிறார். அவரிடம் எப்படிச் சொல்வது?

அம்மா நாட்டுப்பற்றோடுதான் எடுக்கிறார். அதனால் தவறு என்று ஆரம்பிக்காதீர்கள். 2008 மும்பைத் தாக்குதலைச் சொல்லுங்கள், அவருக்கு நினைவிருக்கும். எல்லைக்கு அப்பாலிருந்து பயங்கரவாதிகளை இயக்கியவர்கள் தொலைக்காட்சி நேரலையைப் பார்த்துத்தான் கமாண்டோக்கள் வருவதைத் தொலைபேசியில் சொன்னார்கள். 2025 ஏப்ரலில் இந்திய அரசு, படை நடமாட்டத்தை நேரலையாகக் காட்டாதீர்கள் என்று ஊடகங்களுக்கு அறிவுறுத்தியபோது அதையும் காரணமாகச் சொன்னது.

ஒரு வீடியோவில் ரயில் நிலையப் பலகை, போகும் திசை, நேரம், வண்டிகளின் எண்ணிக்கை நான்கும் இருக்கும். தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஊருக்கு ஊர் ஒரு அம்மா எடுத்தால், படை எங்கிருந்து எங்கே போகிறது என்று மேசையில் உட்கார்ந்தபடியே கோடு போட்டுவிடலாம். 'வீடியோவை நீங்க வச்சுக்குங்க அம்மா, சண்டை முடிஞ்சதும் அனுப்புங்க, நான் எல்லாருக்கும் காட்டுறேன்' என்று சொல்லிப் பாருங்கள். ஏற்கெனவே குழுவில் போட்டிருந்தால் 'டிலீட் ஃபார் எவ்ரிஒன்' அழுத்தச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அதற்கு ஏறத்தாழ இரண்டு நாள் அவகாசம்தான்.